மூளை, குடல், மூலிகை: ஒரு விமர்சனம்

தேர்வு அறைக்குள் நுழையும் முன் வயிற்றைக் கலக்காத மாணவர் உண்டா? திடுக்கிடும் செய்தி வந்தால் 'வயிற்றில் புளியைக் கரைத்தது போல் இருந்தது' என்கிறோம். பிறர் வாழ்வதைப் பொறாதவரை 'வயிற்றெரிச்சல் பிடித்தவர்' என்கிறோம். மனத்தில் நடப்பது வயிற்றில் தெரியும் என்பதை நம் மொழி எப்போதோ குறித்து வைத்துவிட்டது.

இதே செய்தி இன்று 'மூளை-குடல் தொடர்பு' என்ற பெயரில் புத்தகங்களிலும், பத்திரிகைகளின் உடல்நலப் பக்கங்களிலும், மருந்துப் புட்டிகளின் மேலட்டைகளிலும் உலா வருகிறது. கூடவே ஏதாவது ஒரு மூலிகையும் வருகிறது. மூலிகையின் பெயர் மாறினாலும் வாதம் மாறுவதில்லை. அதை நான்கு வாக்கியங்களில் அடக்கிவிடலாம்.

ஒன்று: மூளையும் குடலும் நரம்புகளால் இணைந்துள்ளன. இரண்டு: ஆகவே மன அழுத்தம் குடலின் வேலையைக் கெடுக்கிறது. மூன்று: இந்த மூலிகையில் உள்ள பொருள் அந்தத் தொடர்பின்மேல் செயல்படுவதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். நான்கு: ஆகவே இம்மூலிகை உங்கள் வயிற்றுக் கோளாற்றைத் தீர்க்கும்.

முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பாதி உண்மை. நான்காவதோ, முன் சொன்ன மூன்றிலிருந்தும் கிடைக்காத முடிவு. இக்கட்டுரை அதைப் பற்றியதுதான். நான் கற்பிப்பது இயற்பியல். நோய்க்கு மருந்து சொல்வது என் வேலையன்று. ஆனால் 'ஒரு கூற்றுக்கு எது சான்று?' என்ற கேள்வி எல்லா விஞ்ஞானங்களுக்கும் பொதுவானது.

உறவு உண்மையே

முதலில், ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம். 1822-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பையில் ஏற்பட்ட துளை மூடவேயில்லை. வில்லியம் போமன்ட் என்ற இராணுவ மருத்துவர் அத்துளை வழியாகப் பல ஆண்டுகள் செரிமானத்தைக் கவனித்து, 1833-ல் நூலாக வெளியிட்டார். அந்தத் தொழிலாளிக்குக் கோபம் வந்தால் செரிமானம் தடைப்படுவதையும் அவர் குறித்திருக்கிறார்.

1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளுக்குள்ளேயே, ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்ட்டர் கேனன், பிஸ்மத் உப்பு கலந்த உணவைப் பூனைகளுக்குக் கொடுத்து அவற்றின் இரைப்பையை அக்கதிர்களால் பார்த்தார். அலை அலையாக அசைந்துகொண்டிருந்த இரைப்பை, பூனை சினந்து திமிறியதும் அசைவற்று நின்றது. பூனை அமைதியடைந்ததும் மீண்டும் அசைந்தது. 1898-ல் இது வெளியாயிற்று. மனக் கிளர்ச்சி குடலை நிறுத்துவதை மனிதன் கண்ணால் கண்ட முதல் வாய்ப்புகளுள் இதுவும் ஒன்று.

அடுத்த ஆண்டு பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு ஆங்கில உடலியலறிஞர்கள், வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிவிட்ட பிறகும் குடல் உணவைத் தள்ளும் அலையைத் தானே உண்டாக்குவதைக் காட்டினார்கள். குடற்சுவரிலேயே ஒரு தனி நரம்பு மண்டலம் இருக்கிறது. அதில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்புச் செல்கள் உள்ளன. மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை மூளையிலிருந்து கட்டளை கொண்டு வருபவை அல்ல. வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்பவை.

இந்த உறவு சீர்கெடும்போது வரும் நோய்களுள் முக்கியமானது, மருத்துவர்கள் சுருக்கமாக 'ஐ.பி.எஸ்.' என்று சொல்லும் எரிச்சல் குடல் நோய். வயிற்று வலி அடிக்கடி வரும்; மலம் இளகியோ இறுகியோ போகும்; ஆனால் உட்காட்டிக் கருவியால் பார்த்தால் புண்ணோ கட்டியோ தெரியாது. 33 நாடுகளில் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, இன்றைய கண்டிப்பான வரையறையைக் கொண்டு கணக்கிட்டாலும் 100 பேரில் ஏறக்குறைய 4 பேருக்கு இது உண்டு. முன்பெல்லாம் இவர்களிடம் 'எல்லாம் மனப்பிரமை' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். 2016 முதல் சர்வதேச மருத்துவ நிபுணர் குழு இத்தகைய நோய்களைக் 'குடல்-மூளை ஊடாட்டக் கோளாறுகள்' என்றே பெயரிட்டு அழைக்கிறது. வலி உண்மை, நோயாளி நடிக்கவில்லை. இந்த அங்கீகாரம் பெரிய முன்னேற்றம். அதை வியாபாரச் சரக்காக்குவதில்தான் நமக்கு மறுப்பு.

ஆய்வுக்கூடமும் வயிறும்

மூன்றாவது வாக்கியத்துக்கு வருவோம். அதில் தவறாமல் இடம்பெறும் பொருள் செரட்டோனின். 'உடலிலுள்ள செரட்டோனினில் 90 சதவிகிதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. அது மகிழ்ச்சியைத் தரும் பொருள். ஆகவே குடலைக் கவனித்தால் மனம் மகிழும்' என்று எழுதுகிறார்கள். முதல் பகுதி சரி. ஆனால் குடலில் உண்டான செரட்டோனின், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பைக் கடந்து மூளைக்குள் நுழைவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குடலின் செரட்டோனின் குடலுக்கான வேலையைச் செய்கிறது: அசைவைத் தூண்டுகிறது, நீர் சுரக்கச் செய்கிறது, நரம்புகளுக்குச் செய்தி தருகிறது. ஒரே பொருள் இரண்டு இடங்களில் இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. உங்கள் வீட்டிலும் அடுத்த வீட்டிலும் மின்சாரம் இருக்கிறது என்பதற்காக, அங்கே விளக்கைப் போட்டால் இங்கே வெளிச்சம் வருமா?

குடலின் செரட்டோனின் அமைப்பில் உண்மையிலேயே கை வைத்த மருந்து ஒன்று உண்டு. அலோசெட்ரான் என்ற அம்மருந்து, வயிற்றுப்போக்குடன் கூடிய எரிச்சல் குடல் நோய்க்காக 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பலருக்குப் பயன் கிடைத்தது. ஆனால் சிலருக்குக் கடும் மலச்சிக்கலும், குடலுக்கு இரத்த ஓட்டம் குறையும் ஆபத்தும் நேர்ந்தன. அதே ஆண்டில் மருந்து திரும்பப் பெறப்பட்டு, 2002-ல் கடுமையான கட்டுப்பாடுகளுடன் மீண்டும் வந்தது. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? மூளை-குடல் அமைப்பை வலுவாக மாற்றக்கூடிய எதுவும் தீங்கு செய்யவும் கூடும். 'ஆழமாக வேலை செய்யும். பக்க விளைவே கிடையாது' என்று ஒரு புட்டி ஒரே மூச்சில் சொன்னால், அந்த இரண்டில் ஒன்று சந்தேகத்துக்குரியது.

இனி மஞ்சள். அதிலுள்ள குர்குமின் என்ற பொருள் எத்தனையோ நோய்களுக்கு மருந்தாகப் பேசப்படுகிறது. 2017-ல் மருத்துவ வேதியியல் இதழ் ஒன்றில் வெளியான விரிவான திறனாய்வு, 120-க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்தும், வெற்று மருந்துடன் ஒப்பிட்டு முறைப்படி நடத்திய சோதனை எதிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று முடிவு கூறியது. அப்படியானால் ஆய்வுக்கூடத்தில் அது ஏன் எல்லாவற்றையும் செய்வதுபோல் தோன்றுகிறது? இங்கே இயற்பியல் மாணவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவப்பதை நாம் அறிவோம். குர்குமின் நிறம் மாறும். ஒளியை வாங்கித் தானே ஒளிரும். கண்ட புரதத்தில் எல்லாம் ஒட்டும். நீரில் விரைவில் சிதையும். நிறத்தையும் ஒளிர்வையும் கொண்டு அளக்கும் சோதனைகளில் இத்தகைய பொருள் அளக்கும் முறையையே குழப்பிவிடுகிறது. முள் அசைந்தது என்பதற்காக மின்னோட்டம் பாய்ந்தது என்று சொல்லிவிட முடியாது. பக்கத்தில் யாராவது காந்தத்தைக் கொண்டு வந்திருக்கலாம்.

இன்னொரு தடை, அளவு. வாய்வழி உண்ட குர்குமின் இரத்தத்தில் மிகமிகச் சொற்பமாகவே சேர்கிறது. மிளகிலுள்ள பைப்பரின் சேர்த்தால் அது 2000 சதவிகிதம் கூடுகிறது என்பார்கள். 1998-ல் பெங்களூர் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு அது, பொய்யில்லை. ஆனால் அளக்கவே சிரமப்படும் அளவை 20 மடங்கு பெருக்கினால் என்ன கிடைக்கும்? சதவிகிதத்தைக் கேட்டு வியக்கும் முன் எதன் சதவிகிதம் என்று கேட்க வேண்டும்.

மனிதரிடம் சோதித்தபோது

நான்காவது வாக்கியத்தைச் சோதிக்க நேரான வழி இருக்கிறது. மூளை-குடல் வாதம் சரியானால், மனத்தைத் தேற்றும் மூலிகை குடலையும் தேற்ற வேண்டும். ஐரோப்பாவில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மஞ்சள் பூச் செடி உண்டு. லேசான மனச்சோர்வுக்கு அது வெற்று மாத்திரையைவிடப் பயன் தருவதாகப் பல சோதனைகள் காட்டியுள்ளன. மன அழுத்தத்தால் வரும் குடல் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான மூலிகை கிடைக்குமா?

அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தில் சோதித்தார்கள். எரிச்சல் குடல் நோயுள்ள 70 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இம்மூலிகையும் மற்றதற்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் மூன்று மாதம் கொடுத்தார்கள். 2010-ல் முடிவு வெளியாயிற்று. குடல் அறிகுறிகளின் மதிப்பெண்ணில் வெற்று மாத்திரை உண்டவர்களே அதிக முன்னேற்றம் கண்டிருந்தார்கள்!

மாறாக, ஓரளவு சான்றுள்ள தாவரப் பொருள்கள் எவை? ஒன்று இசப்கோல் உமி. அது கரையும் நார்ப்பொருள். நீரை உறிஞ்சி மலத்தைப் பதமாக்குகிறது. மன அழுத்தத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மற்றொன்று பெப்பர்மின்ட் எண்ணெய். அதிலுள்ள மென்தால், குடலின் தசைச் செல்லுக்குள் கால்சியம் அயனிகள் நுழையும் வாயிலை ஓரளவு அடைக்கிறது. இறுகிய தசை தளர்கிறது. தவிர, குளிர்ச்சியை உணரும் ஏற்பி ஒன்றையும் மென்தால் தூண்டுகிறது. 2002-ல் அந்த ஏற்பியைக் கண்டறிந்தவர்களுள் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவரும் வெப்பம், தொடுதல் பற்றிய தங்கள் ஆய்வுகளுக்காக 2021-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்த எண்ணெயின் வேலை பெரும்பாலும் குடலோடு முடிகிறது.

முரணைப் பாருங்கள். மனத்துக்கென்று பேர்பெற்ற மூலிகை குடல் நோயில் தோற்றது. மனத்தைப் பற்றிக் கவலைப்படாத உமியும் எண்ணெயும் சிறிதளவு வென்றன. மூளை-குடல் தொடர்பு உண்மை என்பது, எந்த ஒரு மூலிகைக்கும் சாட்சி ஆகாது. அத்தொடர்பைப் பயன்படுத்தும் சிகிச்சைகள் வேறு இருக்கின்றன. 1984-ல் லான்செட் இதழில், கடுமையான எரிச்சல் குடல் நோயுள்ள 30 பேரிடம் நடத்திய மனோவசியச் சிகிச்சைச் சோதனை நல்ல பலன் காட்டியது. 2023-ல் அதே இதழில், 463 பேரிடம் நடந்த ஆங்கிலச் சோதனையில், மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின் மிகக் குறைந்த அளவில் வெற்று மாத்திரையை வென்றது. இவற்றை விற்பனைக்கு வரும் புட்டிகள் சொல்வதில்லை.

வெற்று மாத்திரை என்ற போட்டியாளர்

'எனக்குக் குணம் தெரிந்ததே, அது சான்றில்லையா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2008-ல் வெளியான ஒரு சோதனையில், எரிச்சல் குடல் நோயாளர் 262 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். வெறுமனே காத்திருந்தவர்களில் 28 சதவிகிதத்தினர் போதிய நிவாரணம் கண்டார்கள். பொய்யான ஊசிச் சிகிச்சை பெற்றவர்களில் அது 44 சதவிகிதம். அதே பொய்ச் சிகிச்சையுடன் மருத்துவரின் அன்பான, நிதானமான பேச்சும் கிடைத்தவர்களில் 62 சதவிகிதம். 2010-ல் இன்னும் வியப்பான சோதனை: 'இதில் மருந்தே இல்லை' என்று சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். அப்போதும் 59 சதவிகிதத்தினர் நிவாரணம் கண்டார்கள். மாத்திரை இல்லாதவர்களில் 35 சதவிகிதம்தான்.

மூளை-குடல் உறவின் வலுவான சான்று இதுவே. ஆனால் இதே உறவுதான் மூலிகையின் திறனை அளப்பதைக் கடினமாக்குகிறது. நம்பிக்கையே குடலைத் தேற்றும் என்றால், நம்பிக்கையோடு விழுங்கிய எதுவும் தேற்றியதுபோல் தோன்றும். தராசின் தட்டில் பாத்திரத்தோடு எண்ணெயை வைத்தால், பாத்திரத்தின் எடையைக் கழிக்காமல் எண்ணெயின் எடையைச் சொல்ல முடியுமா? வெற்று மாத்திரைப் பிரிவு அந்தப் பாத்திரம்.

கழித்துப் பார்ப்போம். பெப்பர்மின்ட் எண்ணெய் பற்றி 1979-லேயே ஒரு சிறு சோதனை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 2008-ல் 4 சோதனைகளையும் 392 நோயாளர்களையும் தொகுத்துப் பார்த்தபோது, வெற்று மாத்திரைக்கு மேலாக 5 பேரில் 2 பேருக்குப் பயன் என்று தோன்றியது. பிறகு நெதர்லாந்தில் கவனமாக ஒரு சோதனை நடத்தி 2020-ல் வெளியிட்டார்கள். சிறுகுடலில் கரையும் பெப்பர்மின்ட் உறை மாத்திரை உண்ட 62 பேரில் 29 பேருக்கு வலி குறைந்தது. வெற்று மாத்திரை உண்ட 64 பேரில் 22 பேருக்குக் குறைந்தது.

29 பெரிது, 22 சிறிது. ஆகவே மருந்து வென்றதா? ஒரு நாணயத்தை 62 முறை சுண்டுங்கள். 31 தலை விழ வேண்டும். ஆனால் 27 விழுந்தாலும் 35 விழுந்தாலும் யாரும் நாணயத்தைச் சந்தேகிப்பதில்லை. தற்செயலாகவே 4 வரை கூடும், குறையும். இங்கும் ஒவ்வொரு பிரிவிலும் ஏறக்குறைய 4 பேர் தற்செயலாக மாறலாம். இரண்டு விலகல்களையும் முறைப்படி சேர்த்தால் 5 அல்லது 6 பேர் ஆகிறது. கண்ட வேறுபாடோ 8 பேருக்குச் சற்றுக் குறைவு. தற்செயல் விலகலைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால்தான் வேறுபாட்டை நம்பத் தொடங்குவது வழக்கம். இது அவ்வளவு இல்லை. அச்சோதனையின் வேறு சில அளவீடுகளில் எண்ணெய் முன்னேற்றம் காட்டியது உண்மை; ஆனால் முன்கூட்டி வகுத்த முக்கிய அளவீட்டில் தேறவில்லை.

2022-ல் 10 சோதனைகள், 1030 பேர் என மீண்டும் தொகுத்தார்கள். பொதுவான அறிகுறிகளில் 4 பேரில் ஒருவருக்கும், வலியில் 7 பேரில் ஒருவருக்கும் கூடுதல் பயன். சான்றின் தரம் மிகக் குறைவு என்பது முடிவு. பெப்பர்மின்ட் எண்ணெய் முயன்று பார்க்கத் தகாதது என்பதல்ல என் கருத்து. அமெரிக்க நிபுணர் சங்கமே 2021-ல் அதை நிபந்தனையுடன் பரிந்துரைத்தது. சோதனை பெருகப் பெருகப் பயன் சுருங்கி வந்தது என்பதையே கவனிக்கச் சொல்கிறேன். தாவரப் பொருள்களில் மிக நன்றாகச் சோதிக்கப்பட்டவற்றுள் ஒன்றின் கதை இது. சோதிக்கவே படாதவற்றின் புட்டிகளில் உறுதி மட்டும் ஏன் பெரிய எழுத்தில் இருக்கிறது?

புதினாவும் பெப்பர்மின்டும்

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். 'பெப்பர்மின்ட் என்றால் புதினா. ஆகவே துவையல் அரைத்தால் போதும்' என்பார்கள். நம் சமையலறைப் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் இனம். அதன் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்ற பொருள். மென்தால் அதில் மிகக் குறைவு. பெப்பர்மின்ட் என்பது ஸ்பியர்மின்டும் நீர்ப் புதினாவும் கலந்து உண்டான கலப்பினம். சோதனைகளில் பயன்பட்டது, இரைப்பையைக் கடந்த பிறகே கரையும்படி உறையிட்ட எண்ணெய். உறையில்லாமல் உண்டால் உணவுக்குழாயின் அடியிலுள்ள வால்வும் தளர்ந்து நெஞ்செரிச்சல் வரும். புதினாத் துவையலைச் சுவைக்காக உண்ணுங்கள். சோதனை முடிவை அதற்கு மாற்றிக் கொடுக்காதீர்கள்.

இதனால் என்ன நஷ்டம்?

'மூலிகைதானே, உண்டுவிட்டுப் போகட்டும்' என்று விட்டுவிடலாமா? செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, கருத்தடை மாத்திரை, மாற்றுறுப்பு பெற்றவர் உண்ணும் மருந்து போன்றவற்றின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். மருந்துகளால் வரும் கல்லீரல் சேதத்தைப் பதிவு செய்யும் அமெரிக்க ஆய்வுக் குழு, மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022-ல் அறிவித்தது, ஒருவர் இறந்தார். குழம்பில் போடும் மஞ்சளுக்கும் செறிவூட்டிய மாத்திரைக்கும் உள்ள தூரம் அது.

அதைவிடப் பெரிய நஷ்டம் காலம். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரத்தச்சோகை, காய்ச்சல், உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் குடல் தொந்தரவு ஆகியவற்றில் எதுவும் 'டென்ஷன்' என்று ஒதுக்கத் தக்கதல்ல. குடற்புற்றும், நம் நாட்டில் இன்றும் காணும் குடற்காசநோயும் இப்படித்தான் தலைகாட்டும். 'மன அழுத்தத்தால் வருகிறது. இதை மூன்று மாதம் சாப்பிடுங்கள்' என்ற வார்த்தையை நம்பி இழக்கும் மூன்று மாதங்களை எந்த மூலிகையும் திருப்பித் தராது.

தாவரங்கள்மீது எனக்குப் பகையில்லை. அபினிலிருந்து மார்பினும், பெல்லடோனாவிலிருந்து அட்ரோப்பினும் கிடைத்தன; குடலின்மீது அவற்றின் வேலையை எந்த மருத்துவரும் மறுப்பதில்லை. அவை தாவரத்தில் பிறந்ததால் மருந்தாகிவிடவில்லை. அளந்து, ஒப்பிட்டு, தீங்கையும் எழுதி வைத்ததால் மருந்தாயின.

ஆகவே அடுத்த முறை மூளை-குடல் என்ற சொல்லோடு ஒரு மூலிகை உங்கள் முன் வந்தால் ஐந்து கேள்விகள் கேளுங்கள். சோதித்தது செல்லிலா, எலியிலா, மனிதரிலா? மனிதரில் என்றால் எத்தனை பேர்? வெற்று மாத்திரைப் பிரிவு இருந்ததா, அதில் எத்தனை பேர் குணமடைந்தார்கள்? சோதித்த பொருளும் அளவும் கடையில் கிடைப்பதும் ஒன்றா? தீங்கு என்ன என்று சொல்லியிருக்கிறார்களா? இந்த ஐந்துக்கும் விடை கூறும் மூலிகை மதிப்புக்குரியது. விடை கூறாமல் நரம்புப் படத்தை மட்டும் காட்டும் புட்டியை, கடையின் அலமாரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.